கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்துக்குப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோவையில் நாற்பது வயதுக்கு மேல் கோல்ஃப் பழகியவன், சுமாராகத்தான் ஆடுவேன். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவையாவது கொடைக்கானல் மைதானத்துக்குப் போய்விடுவேன் என்பது தெரிந்துபோனதால், "நாங்களும் போகலாமா, என்ன செய்யணும்" என்று வாட்ஸ்அப்பில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே பதிலை எத்தனை தடவை தட்டுவது? எல்லாவற்றையும் இங்கே போட்டுவிடுகிறேன். ஆடத் தெரிந்தவர்களுக்கும் இதில் விஷயம் உண்டு, கோல்ஃப் பந்தைக் கையால் தொட்டுப் பார்க்காதவர்களுக்கும் உண்டு.

மைதானம் எங்கே இருக்கிறது?

ஏரியிலிருந்து தூண் பாறைக்குப் போகிற வழியில், ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி. டாக்ஸிக்காரர்கள் "பன்னிரண்டு மைல் சுற்று" என்று ஒரு ரவுண்டு கூட்டிப்போவார்களே, கிரீன் வேலி வியூ, தூண் பாறை, குணா குகை, பைன் காடு, மோயர் பாயின்ட் என்று, அந்தச் சுற்றிலேயேதான் இதுவும். கிரீன் வேலி வியூவில் இறங்கி வைகை அணை தெரிகிறதா என்று கம்பிக்கு மேல் எட்டிப் பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு, பக்கத்திலேயே 18 ஹோல் (பந்தைப் போடுகிற குழி) உள்ள மைதானம் ஒன்று இருப்பது தெரியாது.

கிளப் தொடங்கியது 1895-இல். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் மேலே வந்து வீடு கட்டினார்கள், 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்சு ஏரியை உண்டாக்கினார், அப்புறம் படகு, டென்னிஸ் என்று ஒவ்வொன்றாக வந்து கடைசியில் கோல்ஃபும் வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள். கிளப் இருக்கிறது.

நான் கிளப் மெம்பர் இல்லை. ஆட விடுவார்களா?

இது மெம்பர்களின் கிளப், பூங்கா மாதிரி டிக்கெட் வாங்கி நுழைகிற இடம் இல்லை. ஆனாலும் வெளியூர் ஆட்டக்காரர்கள் கிரீன் ஃபீஸ் (ஆடுவதற்கான கட்டணம்) கட்டி ஆடுவது எப்போதும் நடக்கிறதுதான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே போன் போட்டு இதையெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தத் தேதியில் போட்டி ஏதாவது இருக்கிறதா, விருந்தினருக்கு எந்த நேரம் திறந்திருக்கும், கேடி (பையைச் சுமந்து வழிகாட்டுகிறவர்) கிடைப்பாரா, கிளப் செட் (பந்தை அடிக்கிற மட்டைகள்) வாடகைக்கு உண்டா, 9 ஹோல் மட்டும் ஆட விடுவார்களா. நீங்கள் வேறு ஏதாவது கிளப்பில் மெம்பர் என்றால் அதையும் சொல்லுங்கள், சில கிளப்புகளுக்குள் பரஸ்பர ஏற்பாடு இருக்கும். உங்கள் கிளப் அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் நல்லது.

போட்டி நாளில் போய் நின்றுவிட்டு "எங்களைத் துரத்திவிட்டார்கள்" என்று புலம்புகிற ஆட்களை எனக்குத் தெரியும். போன் போடுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

ரேட்டை இங்கே எழுதி வைத்தால் அடுத்த வருடம் நீங்கள் என்னைத்தான் திட்டுவீர்கள். கணக்குப் போட வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்: கிரீன் ஃபீஸ், கேடி கூலி, செட் வாடகை, அதோடு கேடிக்கு நீங்கள் கையில் கொடுப்பது. இந்தக் கடைசிச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம். காரணம் கீழே வரும்.

கோல்ஃப் சுத்தமாகத் தெரியாது. சும்மா பார்த்துவிட்டு வரலாமா?

ரோட்டிலிருந்தே நிறையத் தெரியும். பச்சைப் பட்டுத்துணியைக் கசக்கி விரித்த மாதிரி மேடும் பள்ளமுமாகப் புல், ஓரத்தில் மரங்கள், நடுவில் ஒரு சின்னக் கொடி. அதைப் பார்த்ததும் வேலியைத் தாண்டி இறங்கி போட்டோ எடுக்கலாம் என்று ஆசை வரும், அதைமட்டும் செய்யாதீர்கள். கோல்ஃப் பந்து கல் மாதிரி இருக்கும். டிரைவர் என்கிற நீளமான மட்டையால் நன்றாக அடித்த பந்து மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் கிளம்பும். அடிக்கிறவர் இருநூறு மீட்டர் தள்ளி ஒரு மேட்டுக்கு அந்தப்பக்கம் நிற்பார், உங்களுக்கு அவரையும் தெரியாது, அவருக்கு உங்களையும் தெரியாது. "ஃபோர்!" என்று (பந்து வருகிறது என்கிற எச்சரிக்கை அது) யாராவது கத்துவது கேட்டால் திரும்பிப் பார்க்காமல் தலையைக் கைகளால் மூடிக் குனியுங்கள்.

உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் கிளப் அலுவலகத்துக்குப் போய் மரியாதையாகக் கேளுங்கள். சரி என்றால் சரி, இல்லையென்றால் தூண் பாறை எங்கேயும் போய்விடாது.

எந்த மாதம் போகலாம்?

என்னைக் கேட்டால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. வானம் சுத்தமாக இருக்கும். சூரியனை ஆராய்கிறவர்கள் இந்த மலையைத் தேடி வந்து 1899-இல் ஆய்வுக்கூடம் அமைத்ததற்கும் இந்தத் தெளிவான வானம் ஒரு காரணம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது இங்கேதான். ஜனவரியில் விடிகாலைக் குளிர் மட்டும் பொல்லாதது, புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கிற நாட்கள் உண்டு. உறைந்த புல்லை மிதித்தால் அது செத்துக் கால்தடம் கறுத்துப்போகும் என்பதால், உலகம் முழுக்கக் கோல்ஃப் மைதானங்களில் பனி உருகும்வரை கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) ஆளை விடமாட்டார்கள். அதனால் கொஞ்சம் காத்திருக்கத் தயாராகப் போங்கள்.

ஏப்ரல், மே சீசன். ஆடுவதற்கு வானிலை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மைதானத்துக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடு. பிரையன்ட் பூங்கா மலர்க் கண்காட்சி வாரத்தில் அந்த ஐந்தாறு கிலோமீட்டரைக் காரில் கடப்பதற்குள் நடந்தே போயிருக்கலாம் என்று தோன்றும். அக்டோபர், நவம்பர் நல்ல மழை மாதங்கள், மலைப்பாதையில் மண் சரியும், கோல்ஃபுக்காக அந்த நேரத்தில் மேலே ஏறுவதில் அர்த்தம் இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மூடுபனிக்காலம் மாதிரி, வரும் போகும். அதில் ஆடுவது எனக்குப் பிடிக்கும். என் கூட வருகிறவர்களுக்குப் பிடிக்காது.

எத்தனை மணிக்குத் தொடங்குவது?

காலையில், முடிந்தவரை சீக்கிரமாக. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து பனி மேலேறி வர ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் கொடி மறைந்துவிடும். 18 ஹோலுக்கு நாலு மணி நேரம், மூச்சு வாங்கினால் அஞ்சு. அதற்குத் தகுந்த மாதிரி கணக்குப் போடுங்கள்.

அதற்காக விடிவதற்கு முன்னாலேயே தனியாகப் போய் நிற்கவும் கூடாது. அதற்குக் காரணம் அடுத்த கேள்வி.

மைதானத்தில் காட்டுமாடு வருமாமே, உண்மையா?

உண்மை. "சில சமயம் வரும்" என்கிற மாதிரி இல்லை, அது அவர்கள் இடம் என்கிற மாதிரியே நடந்துகொள்வார்கள். பேப்பரில் காட்டெருமை என்று எழுதுகிறார்கள், ஆனால் அது எருமை இல்லை, மாட்டினம். காட்டுமாடு என்பதே சரி. பெரிய ஆண் மாடு ஒன்று ஆயிரம் கிலோ வரை இருக்கும். காலில் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி, முதுகில் ஒரு திமிலோடு, ஃபேர்வே (பந்தை அடித்துக்கொண்டு போகிற புல்பாதை) நடுவில் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும்.

ஏன் இங்கே வருகிறது என்று கேட்பார்கள். பழனி மலையின் மேல்பகுதி ஒரு காலத்தில் சோலையும் புல்வெளியும் கலந்த இடம். பள்ளங்களில் சோலைக்காடு, மேடுகளில் வெறும் புல். அந்தப் புல்வெளியை "சும்மா கிடக்கிற நிலம்" என்று நினைத்து வாட்டில், பைன், யூகலிப்டஸ் என்று வெளிநாட்டு மரங்களை நட்டுத் தள்ளினார்கள். பைன் காட்டுக்குள் போய்த் தரையைப் பாருங்கள், ஊசி இலை மெத்தைதான் இருக்கும், மேய ஒன்றும் இருக்காது. நீங்கள் செல்ஃபி எடுக்கிற அந்தப் பைன் காடு, மாட்டுக்கு மூடிப்போன ஹோட்டல். அப்போது அது எங்கே போகும்? வெட்டவெளியாக, தினமும் வெட்டிப் பராமரிக்கிற இளம்புல் இருக்கிற இடத்துக்குத்தான் போகும். நம் மைதானத்தைவிட நல்ல சாப்பாடு அதற்கு இந்தச் சுற்றில் கிடைக்காது.

அதனால் மாடு நிற்கிறது என்றால் நீங்கள்தான் காத்திருக்க வேண்டும். கத்தாதீர்கள், கைதட்டாதீர்கள், கல் எறியாதீர்கள், பந்தை அதன்மேல் அடித்துத் துரத்தப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஐம்பது அறுபது மீட்டராவது இடைவெளி வேண்டும், கன்றுக்குட்டி கூட இருந்தால் இன்னும் அதிகம். கூட்டத்தோடு இருப்பதைவிடத் தனியாக நிற்கிற கிழட்டு ஆண் மாட்டிடம் அதிக ஜாக்கிரதையாக இருங்கள். தலையைத் தாழ்த்தி மூச்சைச் சீறினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம், முதுகைக் காட்டி ஓடாமல் பக்கவாட்டில் மரங்களை நோக்கி மெதுவாக நகருங்கள். சாதுவாக மேய்வதைப் பார்த்துப் பக்கத்தில் போய் போட்டோ எடுக்கப்போய்க் குத்துப்பட்டவர்கள் கொடைக்கானலில் இருக்கிறார்கள்.

ஒருமுறை நாங்கள் நாலு பேர், ஒரு மாட்டுக் கூட்டம் ஃபேர்வேயைக் கடக்கட்டும் என்று முக்கால் மணி நேரம் முதல் அடி அடிக்கிற இடமான டீயிலேயே உட்கார்ந்திருந்தோம். பிளாஸ்க்கில் இருந்த காபி தீர்ந்தது, அலுவலக வம்பும் தீர்ந்தது, மாடுகள் தீரவில்லை. கடைசியில் கேடி அண்ணன் "அடுத்த ஹோலுக்குப் போயிடலாம் சார், இது இன்னைக்கு அவங்களுது" என்றார். ஸ்கோர் கார்டில் அந்தக் கட்டத்தில் மாடு என்றே எழுதினோம்.

மாடு என் பந்தை மிதித்துவிட்டால் விதி என்ன?

இந்தக் கேள்வியைக் கேலியாகத்தான் கேட்கிறார்கள், ஆனால் கோல்ஃப் விதிப் புத்தகத்தில் இதற்கெல்லாம் பதில் இருக்கிறது, எனக்கு அதைச் சொல்வதில் ஒரு தனி சந்தோஷம்.

நின்றுகொண்டிருக்கிற உங்கள் பந்தை மாடோ குரங்கோ நகர்த்திவிட்டால் அபராதம் கிடையாது, முன்பு இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். குரங்கு தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டால் வேறு பந்தை எடுத்து அதே இடத்தில் வைக்கலாம். சரியான இடம் தெரியாவிட்டால் உத்தேசமாக. ஆனால் ஃபேர்வேயில் பறந்தோ உருண்டோ போய்க்கொண்டிருக்கிற பந்து தற்செயலாக மாட்டின்மேல் பட்டுத் திரும்பினால், போய் நிற்கிற இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும். அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ உங்கள் தலையில்.

சாணி "தளர்ந்த பொருள்" கணக்கில் வரும், இலை, சுள்ளி மாதிரி. அபராதம் இல்லாமல் அப்புறப்படுத்தலாம், அப்போது பந்து நகர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். குளம்புத் தடம் விஷயம் கொஞ்சம் சிக்கல். கிரீன் மேல் இருக்கிற குளம்புக் குழியை அமுக்கிச் சரிசெய்துவிட்டுப் புட் அடிக்கலாம் (பந்தைக் குழியை நோக்கி மெல்லத் தட்டி உருட்டுவது), 2019-இல் விதிகளை மாற்றியபோது வந்த வசதி இது. அதே குழி ஃபேர்வேயில் இருந்து அதற்குள் பந்து உட்கார்ந்துவிட்டால் விதிப்படி ஒன்றும் செய்ய முடியாது, கிளப்பில் உள்ளூர் விதி ஏதாவது இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது விதி 16.2. விஷப்பாம்பு, கொட்டுகிற தேனீ, முதலை, கரடி மாதிரி ஆபத்தான பிராணி பக்கத்தில் இருந்து நீங்கள் பந்தை அடித்தால் காயம்படலாம் என்கிற நிலையில், அபராதம் இல்லாமல் வேறு இடத்தில் பந்தைப் போட்டு ஆடலாம், ஹோலுக்கு இன்னும் பக்கத்தில் போகாமல். விதியில் காட்டுமாட்டின் பெயர் இல்லை. எழுதியவர்கள் கொடைக்கானலுக்கு வந்திருக்கமாட்டார்கள்.

உயரத்தில் பந்து அதிக தூரம் போகுமா?

போகும். சுமார் 7,000 அடி உயரம், காற்று மெல்லியது, பந்துக்குத் தடை குறைவு. கோவையில் 150 கஜம் போகிற அடி இங்கே 160-ஐத் தாண்டலாம். ஆனால் குளிர் இதில் கொஞ்சத்தைத் திருப்பிப் பிடுங்கிக்கொள்ளும், குளிர்ந்த பந்து சோம்பேறி. பந்தைப் பையில் விடாமல் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொள்வது பழைய வழக்கம். மேட்டுக்கு அடிக்கிறீர்களா பள்ளத்துக்கு அடிக்கிறீர்களா என்பதும் சேர்ந்தால் கணக்கு குழம்பிவிடும். பேசாமல் கேடி எந்த மட்டையை நீட்டுகிறாரோ அதை வாங்கி அடியுங்கள். நான் அவர் பேச்சைக் கேட்காமல் ஒரு நம்பர் மாற்றி எடுத்துப் பள்ளத்தாக்குக்குக் காணிக்கை போட்ட பந்துகள் கொஞ்சநஞ்சமல்ல.

கேடி கட்டாயம் வேண்டுமா? பையை நானே சுமப்பேனே.

சுமக்கலாம். ஆனால் முதல் தடவை போகிறவர் கேடி இல்லாமல் போவது, மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போய் எந்தக் கோபுர வழியாக வந்தோம் என்று தெரியாமல் சுற்றுகிற மாதிரி ஆகிவிடும். மேட்டுக்கு அந்தப்பக்கம் கிரீன் எந்தத் திசையில் இருக்கிறது, பந்து எங்கே உருண்டு போயிருக்கும், எந்தப் புதரில் கை விடக்கூடாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நமக்குக் கறுப்புப் பாறை மாதிரி தெரிகிறது அவர்களுக்கு மாடாகத் தெரியும், அதுவும் நூறு மீட்டர் முன்னாலேயே. கையில் தாராளமாகக் கொடுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். வயதில் பெரியவராக இருந்தால் "அண்ணே" என்று கூப்பிடுங்கள், "ஏய் கேடி" என்று கூப்பிடுகிற ஆட்களோடு நான் இரண்டாவது தடவை ஆடுவதில்லை.

என்ன போட்டுக்கொண்டு போக வேண்டும்?

காலர் வைத்த டி-ஷர்ட், பேன்ட். ஜீன்ஸ், ரவுண்ட் நெக், செருப்பு வேண்டாம், பெரும்பாலான கிளப்புகளில் விடமாட்டார்கள். ஷூவில் இரும்பு ஆணி இல்லாமல் ரப்பர் ஆணி இருக்கட்டும். மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் மெல்லிய மழைக்கோட்டு. காலை எட்டு மணிக்கு நடுங்குவீர்கள், பதினோரு மணிக்கு வியர்க்கும், ஒரு மணிக்குத் திரும்ப நடுங்குவீர்கள். குளிர்கிறதே என்று சன்ஸ்கிரீனை மறந்துவிட்டு மூக்குத்தோல் உரிந்து ஊர் திரும்பியவன் நான். மழை மாதமென்றால் அட்டை இருக்கும், உப்புப் பொட்டலம் ஒன்று பையில் கிடக்கட்டும்.

இ-பாஸ் வேண்டுமா?

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போனால் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-இலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் சேர்ந்தது, கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. ஆன்லைனில் அஞ்சு நிமிட வேலைதான், ஆனால் மே மாத சனிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து தேடாதீர்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டு போகாதீர்கள், சோதனைச்சாவடியில் பிடுங்கிவிடுவார்கள், அபராதமும் உண்டு. வீட்டுச் சொம்போ ஃபிளாஸ்க்கோ எடுத்துப் போங்கள்.

எப்படிப் போய்ச் சேருவது?

சென்னையிலிருந்து ரயில் என்றால் கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாக 80 கிலோமீட்டர். மதுரையிலிருந்து காரில் மூன்றரை, நாலு மணி நேரம். கோவைக்காரர்கள் பழனி வழியாக ஏறலாம், அந்த மலைப்பாதை குறுகல், ஆனால் கூட்டம் குறைவு, பார்க்கவும் அழகு. கோல்ஃப் பையை அரசு பஸ்ஸில் கொண்டு போகலாமா என்று ஒருவர் கேட்டார். போகலாம், கண்டக்டர் லக்கேஜ் போடுவார், பக்கத்து சீட்காரர் "இது என்ன துப்பாக்கியா தம்பி" என்பார்.

மலையேறுகிற அன்றே ஆடாதீர்கள். ஏறி இறங்கி எட்டு, பத்து கிலோமீட்டர் நடக்கிற ஆட்டம் இது, அந்த உயரத்தில் முதல் நாள் மூச்சு வாங்கும். இதய, ஆஸ்துமா தொந்தரவு இருப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு 9 ஹோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் ஆடப்போனால் வீட்டில் இருப்பவர்கள் நாலு மணி நேரம் என்ன செய்வார்கள்?

அவர்கள் பன்னிரண்டு மைல் சுற்றைப் போய்வரட்டும், நீங்கள் முடிக்கிற நேரத்துக்குச் சரியாக வரும். பூம்பாறை வரை போனால் மலைப்பூண்டு வாங்கிவரச் சொல்லுங்கள், 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, ரசத்தில் போட்டால் தெரு முனை வரை மணக்கும். என் மனைவி ஒருமுறை கூடவே நடந்து வந்தாள், ஐந்தாவது ஹோலில் "இவ்வளவு பெரிய தோட்டத்தில் ஒரு கத்தரிச்செடி கூட இல்லையே" என்று சொல்லிவிட்டு, அடுத்த தடவையிலிருந்து பூண்டு வாங்கத்தான் போகிறாள்.

நடுவில் மூடுபனி இறங்கிவிட்டால்?

நில்லுங்கள். முன்னால் யாராவது ஆடுகிறார்கள் என்றால் பந்தை அடிக்கவே கூடாது. பத்து, பதினைந்து நிமிடத்தில் விலகினால் தொடரலாம், இல்லாவிட்டால் கேடியோடு திரும்பிவிடுங்கள். அடித்த பந்து பனிக்குள் போய்விட்டது என்றால் உடனே ஒரு மாற்றுப் பந்தையும் சொல்லிவிட்டு அடித்து வையுங்கள், ஏனென்றால் தேடுவதற்கு விதிப்படி 3 நிமிடம்தான், முன்பு இருந்த 5 நிமிடம் 2019-இல் போய்விட்டது. பனிக்குள் தேடும்போது முன்னால் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் அது பாறையா என்று கிட்டப் போய்ப் பார்க்காதீர்கள்.

பந்து எத்தனை எடுத்துப் போகட்டும்?

ஒரு டஜன். ஜூலை, ஆகஸ்ட் என்றால் இரண்டு டஜன், அதில் பாதி ஆரஞ்சு கலரில்.